வார்ப்பு என்று சொன்னேன், சாதி என்று எழுதினார்கள்

1

லண்டனுக்கு வந்து இருபத்தாறு வருடங்கள். இந்த நாட்டுக் கடிதங்களுக்கு நான் பயந்த காலம் ஒன்று இருந்தது. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கடிதம், மேல்முறையீட்டுக் கடிதம், கவுன்சில் கடிதம், விசாக் கடிதம். எல்லாவற்றையும் உறை கிழிக்காமல் அரைமணி நேரம் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். பிறகு குடியுரிமை வந்தது. பயம் போனது. இனி ஒரு கடிதமும் என்னை ஒன்றும் செய்யாது என்று நினைத்திருந்தேன்.

போன வசந்தத்தில் ஒரு கடிதம் வந்தது. அதை மகள் வாசித்துக் காட்டியபோது கத்தினேன். இந்த முறை பயத்தால் இல்லை, கோபத்தால். இதை எழுத உட்கார்ந்த இன்றைக்கும் அந்தக் கோபம் ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை.

ஊரில் இருக்கும் உங்களுக்கு என் தொழிலை முதலில் சொல்லவேண்டும். லண்டன் நடுவில் பழைய வெள்ளிச் சாமான் விற்கும் ஒரு கடையின் பின்னறையில் இருபத்திரண்டு வருடங்கள் வேலை செய்தேன். தேநீர்க் கேத்தல், தட்டம், கரண்டி, மெழுகுதிரித் தாங்கி. நசுங்கியதை எடுப்பேன், உடைந்ததை ஒட்டுவேன், கறுத்ததை மினுக்குவேன். யாழ்ப்பாணத்தில் லேத் மெஷினில் இரும்பு கடையப் படித்தவன் இங்கே வெள்ளியில் வந்து விழுந்தேன். டூட்டிங்கில் எங்கள் ஆட்களிடம் "வெள்ளிக் கடையில் வேலை" என்று சொன்னால், கொலுசு விலை என்ன என்று கேட்பார்கள். நானும் விளக்கம் சொல்லிக் களைத்து விட்டுவிட்டேன்.

2

எனக்கு மிகவும் பிடித்தவை தாங்கிகள்தான். ஆயிரத்து எழுநூற்று நாற்பதுகளில் லண்டனில் செய்த ஒரு தாங்கியைக் கையில் எடுத்தால் அதன் பாரமே வேறு. அடித்தளத்தை மணல் அச்சில் தனியாக வார்ப்பார்கள். தண்டை நெடுக்காக இரண்டு பாதியாக வார்த்து, உள்ளே வெற்றிடமாக, பொள்ளலாக விட்டு, ஒன்றாகச் சேர்த்து ஒட்டுவார்கள். வெள்ளி விலையான சாமான், வீணாக்கக் கூடாது என்பதற்காகத்தான் பொள்ளல். பிறகு கடைந்து, உளி போட்டு, சிப்பியும் இலையும் கூராக எழும்பும்வரை தட்டுவார்கள். ஒட்டிய இடம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தண்டில் வாயை வைத்து மெல்ல ஊதினால், மூச்சின் ஈரம் படியும்போது ஒரு மயிர்க்கோடு மேலிருந்து கீழே தெரியும். இரண்டு நொடிதான். பிறகு மறைந்துவிடும். அந்தக் கோட்டைப் பார்க்கிறபோதெல்லாம், முகம் தெரியாத அந்த வேலைக்காரனுக்கு மனதுக்குள் ஒரு சபாஷ் போடுவேன்.

அடியில் நான்கு மூலையிலும் நான்கு முத்திரை. செய்தவரின் எழுத்து, நகரத்துக்குரிய சிறுத்தைத் தலை, வருடத்துக்குரிய எழுத்து, வெள்ளியின் தரத்துக்கு நடக்கும் சிங்கம். ஒவ்வொன்றையும் ஒரு மனிதன் கையால் சுத்தியலால் அடித்திருப்பான். ஆகவே ஒன்று கொஞ்சம் சரிந்திருக்கும், ஒன்று விளிம்புக்குக் கிட்டப் போயிருக்கும். எந்த இரண்டு தாங்கியிலும் நான்கு முத்திரையும் ஒரே இடத்தில், ஒரே சரிவில் விழாது. விழுந்தால் அதில் ஒன்று கள்ளம். அசலை அச்சில் அமுக்கி, அந்த அச்சில் புதிதாக வெள்ளி ஊற்றியது. முத்திரையும் சேர்ந்தே வார்ப்பில் வந்துவிடும்.

போன தை மாதம் முதலாளி ஒரு சோடித் தாங்கியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். பெயர் ஜைல்ஸ். தகப்பன் இறந்தபின் கடையை எடுத்தவர். தகப்பன் சாமானைப் பார்ப்பார், மகன் சாமானின் படத்தைப் பார்ப்பார்.

இரண்டையும் கவிழ்த்தேன். இரண்டிலும் சிங்கம் ஒரே பக்கம் சரிந்திருந்தது. இரண்டிலும் அந்தச் சிங்கத்தின் பின்னங்காலில் ஒரே வெட்டு. ஒன்றின் முத்திரை விளிம்பு கூர், மற்றதில் சவர்க்காரம்போல் மழுங்கல். ஊதிப் பார்த்தேன். ஒன்றில் கோடு வந்தது, ஒரே துண்டாக வார்த்த மற்றதில் வரவில்லை. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் மழுங்கியது ஒரு மயிரளவு கட்டை. வெள்ளி ஆறும்போது சுருங்கும்.

ஜைல்ஸிடம் போய்ச் சொன்னேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சிவா, நீ மினுக்கு. விற்பதை நான் பார்க்கிறேன்."

அவர் இங்கிலீஷில் சொன்னதை நான் தமிழில் எழுதியிருக்கிறேன். இங்கிலீஷில் அது இன்னும் மரியாதையாக இருந்தது. அதனால்தான் இன்னும் சுட்டது.

நான் மினுக்கினேன். அதையும் எழுதத்தான் வேண்டும். இரண்டையும் மினுக்கி, கண்ணாடி அலுமாரிக்குக் கொடுத்தேன்.

3

பங்குனியில் ஒரு நாள் மத்தியானம் ஜைல்ஸ் பின்னறைக்கு ஓடி வந்தார். அவர் ஓடி வருவது அபூர்வம்.

"சிவா, கையைக் கழுவிக்கொண்டு வா. உன்னுடைய நாட்டுப் பெண் ஒருவர் வந்திருக்கிறார். உன்னோடு பேசினால் நம்பிக்கை வரும்."

கடையில் நின்றவர் நாற்பது, நாற்பத்தைந்து வயதுப் பெண். இல்ஃபோர்டில் இருக்கிற டாக்டர், மதுரைப் பக்கம். பெயர் வசந்தி. என் நாடு இல்லை, ஆனால் அதை ஜைல்ஸுக்கு விளங்கப்படுத்த இந்தப் பிறவி போதாது. அவருக்கு முன்னால், கறுப்பு வெல்வெட் துணியில், அந்தச் சோடி.

"நீங்க தமிழா? அப்பாடா!" என்று சிரித்தார். "எங்க சீனியர் கன்சல்டன்ட் ரிட்டயர் ஆகுறார். நான் இந்த ஊருக்கு வந்தப்போ அவர்தான் கைபிடிச்சுச் சொல்லிக் கொடுத்தவர். எல்லாரும் சேர்ந்து வாங்குறோம். எனக்கு வெள்ளியப் பத்தி ஒண்ணும் தெரியாது. இவர் ரொம்ப ஒசத்தின்னு சொல்றார். அப்படியாண்ணா?"

ஜைல்ஸ் எனக்குப் பக்கத்தில் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, தமிழ் விளங்கியதுபோலப் புன்னகைத்தார். நான் நல்லதாகத்தான் சொல்லுவேன் என்பதில் அவருக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் நான் வேறு விதமாக நடந்ததில்லை.

என்னால் அந்தப் புன்னகையைத் தாங்க முடியவில்லை.

"டொக்டர், முகத்தை மாத்தாமக் கேளுங்கோ," என்றேன். "இதில ஒண்டு அசல். மற்றது கள்ளம். இவருக்கும் தெரியும், நான் சொன்னனான். இதை வாங்காதையுங்கோ."

அவர் முகத்தை மாற்றாமல்தான் கேட்டார். டாக்டர்களுக்கு அது பழக்கம்போலும். ஒரு தாங்கியை எடுத்து அதன் அடியைப் பார்த்தார்.

"நீங்க இப்படிச் சொன்னா உங்க வேலைக்குப் பிரச்சினை வராதா அண்ணா?"

"வரும்."

தன் கைபேசி எண்ணை ஒரு துண்டில் எழுதித் தந்தார். பிறகு ஜைல்ஸ் பக்கம் திரும்பி, யோசித்துவிட்டு வருகிறேன் என்று இங்கிலீஷில் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நேர்மையான மனுஷி, நிறுத்த முடியவில்லை. "இரண்டும் ஒரே காலத்தில் செய்யப்பட்டவை என்று எழுத்தில் தருவீர்களா?" என்று கேட்டார்.

ஜைல்ஸின் புன்னகை அப்படியே இருந்தது. காது மட்டும் சிவந்தது.

4

என்மேல் வைத்த ஒழுங்கு விசாரணைக்கு வெளியிலிருந்து ஒரு பெண்ணை எடுத்திருந்தார்கள். மனிதவள ஆலோசகராம். முதல் குற்றம், கடைச் சாமானை வாடிக்கையாளர் முன் தாழ்த்திப் பேசியது. இரண்டாவது, முதலாளிக்கு விளங்காத மொழியில் பேசியது. அந்த மொழியில் பேசு என்று கூட்டிக்கொண்டு வந்தவரே அவர்தான் என்றேன். அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

எனக்கு ஒரு குறை உண்டு. கோபம் வந்தால் என் இங்கிலீஷ் நொறுங்கிப்போகும். இலக்கணம் முதலில் போகும், பிறகு சொற்கள். கடைசியில் எஞ்சி நிற்பது ஒன்றிரண்டு சொல்தான்.

"வாங்க வேண்டாமென்று ஏன் சொன்னீர்கள்?"

"காஸ்ட்," என்றேன். "எல்லாம் காஸ்ட்தான் காரணம்."

வார்ப்பு என்பதற்கு இங்கிலீஷில் அதுதான் சொல்; கள்ளத் தாங்கி வார்ப்பில் எடுத்தது என்றுதான் சொன்னேன். அவர் பேனாவை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். முதல் தடவையாக ஆர்வத்தோடு பார்த்தார்.

"அது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

"பார்த்தவுடன் தெரியும். பழகினவனுக்குத் தெரியும்."

"அந்த வாடிக்கையாளருக்கு அது தெரியுமா?"

"இல்லை. நான்தான் சொல்லவேண்டி வந்தது."

"உங்கள் சமூகத்தில் இது இவ்வளவு முக்கியமா?"

சமூகம் என்று அவர் சொன்னது வெள்ளித் தொழில் செய்கிறவர்களை என்று நினைத்துக்கொண்டேன். "முக்கியமா? எங்களுக்கு அதுதான் எல்லாமே," என்றேன். மேசையில் குத்தியும் சொன்னேன் என்று நினைக்கிறேன். தாங்கிகளைக் கொண்டு வாருங்கள், காட்டுகிறேன் என்றேன். இந்த விசாரணை ஊழியரின் நடத்தை பற்றியது, சாமான் பற்றியதல்ல என்றார் ஜைல்ஸ். அந்தப் பெண் அதற்கும் தலையை ஆட்டினார்.

5

கடிதம் ஒரு வாரத்தில் வந்தது. மனைவி சாந்தி வேலைக்குப் போய்விட்டாள், பள்ளிக்கூடத்தில் சமைக்கிற குசினியில் அவளுக்குக் காலை வேலை. மகள் தாரணி அன்று வீட்டிலிருந்து வேலை. அவளுக்கு இருபத்துநான்கு வயது. தமிழ் விளங்கும், பேச்சு இங்கிலீஷ். அப்பா, அம்மா, மாமா, சித்தி மட்டும் தமிழ். கடிதத்தை அவள்தான் உடைத்தாள்.

"அப்பா, வாட் இஸ் திஸ்?"

வாசித்துக் காட்டினாள். ஊழியர், வாடிக்கையாளரின் சாதி காரணமாக அவருக்கு விற்பதைத் தடுத்ததாகத் தாமே ஒப்புக்கொண்டார். பார்த்தவுடன் சாதியைக் கண்டுபிடிக்க முடியும் என்றார். தமது சமூகத்தில் சாதியே எல்லாம் என்றார். இது பாரதூரமான பாகுபாடு. உடனடிப் பணிநீக்கம்.

வார்ப்பு, சாதி என்ற அந்த இரண்டு இங்கிலீஷ் சொல்லுக்கும் உச்சரிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. எழுத்தில் கடைசியில் ஓர் 'ஈ' கூட. அந்த ஓர் எழுத்தை அந்தப் பெண் தன் கையாலே போட்டிருக்கிறார். வெள்ளைக்காரன் ஒருவன் வெள்ளியைப் பற்றிப் பேசினால் வார்ப்பு. எங்கள் நிறத்தில் ஒருவன் எங்கள் நிறத்து இன்னொருவரைப் பற்றிப் பேசினால் வேறென்ன இருக்க முடியும்? அவர் எங்கோ ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டிருப்பார். கேட்டதைப் பயன்படுத்த ஒரு சந்தர்ப்பம் கிடைத்துவிட்டது.

நான் கத்தினேன். தமிழில் கத்தினேன், நல்ல தமிழ் இல்லை. அடுத்த வீட்டுப் போலந்துக்காரர் சுவரில் தட்டினார்.

தாரணி பொறுமையாக இருந்தாள். நான் ஓய்ந்த பிறகு இங்கிலீஷில் கேட்டாள்: "ஓகே, அவர் பிழையாக எழுதிவிட்டார். ஆனால் அப்பா... நாங்கள் என்ன?"

"என்ன, என்ன?"

"என்ன காஸ்ட்?"

இருபத்துநான்கு வருடம் அந்தச் சொல் என் வீட்டுக்குள் வரவில்லை. வராமல் பார்த்துக்கொண்டேன். சங்கக் கூட்டத்தில் ஒரு கிழவர் அவளிடம் "பிள்ளை, ஊரில எந்தப் பகுதி?" என்று சாதி அறிய இழுத்தபோது, கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தவன் நான். இப்போது கடையின் பெயர் அச்சடித்த தாளில், முதல்தரத் தபாலில், என் குசினி மேசைக்கு அது வந்து சேர்ந்துவிட்டது.

"உனக்குத் தேவையில்லாத கதை," என்று அவள்மீதும் கத்தினேன். அவள் கணினியைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

6

டாக்டர் வசந்திக்குப் போன் எடுப்பதற்கு எனக்கு இரண்டு நாள் பிடித்தது. பரிசு வாங்க வந்த ஒரு மனுஷியிடம் எப்படிச் சொல்வது, உங்கள் சாதிக்காக நான் உங்களை விரட்டினேன் என்று எழுதியிருக்கிறார்கள் என்று? சொன்னேன்.

"டொக்டர்?"

"இருக்கேண்ணா." குரல் மாறியிருந்தது. "மெடிக்கல் காலேஜ்ல முதல் வாரமே ரூம்மேட் கேட்டா, நீ என்ன கோட்டான்னு. அதுக்கப்புறம் அஞ்சரை வருஷம் அவ என் தட்டுல கை வச்சதில்ல. இங்க வந்து பதினேழு வருஷம். யாரும் கேக்கல. நிம்மதியா இருந்தேன். இப்ப இவங்க கேக்காமயே எழுதிட்டாங்களா?"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றேன்.

"நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்குறீங்க? நான் எழுதித் தர்றேன். நல்லா எழுதித் தர்றேன்."

நன்றாகத்தான் எழுதினார். இரண்டு பக்கம். அந்த மனிதர் என்னிடம் உண்மையைச் சொன்னார், தன் வேலை போகும் என்று தெரிந்தே சொன்னார், இப்போது அவரையும் என்னையும் சேர்த்து அவமதித்திருக்கிறீர்கள் என்று. கள்ள முத்திரையுள்ள வெள்ளியைத் தெரிந்துகொண்டே விற்பது இந்த நாட்டில் குற்றம் என்பதையும் விசாரித்து அறிந்து, கடைசிப் பந்தியில் சேர்த்திருந்தார்.

அந்தக் கடிதத்தோடு நான் மேல்முறையீடு செய்தேன். மேல்முறையீட்டுக் கூட்டத்தில் தாங்கிகள் மேசையில் இருந்தன. இந்த முறை யாரும் சாமான் பற்றியதல்ல என்று சொல்லவில்லை. நான் பேசவில்லை. பேசினால் இங்கிலீஷ் போய்விடும். இரண்டையும் கவிழ்த்து, உருப்பெருக்கியை அந்த ஆலோசகப் பெண்ணின் கையில் கொடுத்து, விரலால் சிங்கத்தைக் காட்டினேன். பார்த்தார். மற்றதைப் பார்த்தார். திரும்ப முதலாவதைப் பார்த்தார். பிறகு நான் தண்டில் ஊதினேன். கோடு வந்தது, மறைந்தது. மற்றதில் ஊதினேன். வரவில்லை.

"காஸ்ட்," என்றேன். "கடைசியில் ஈ இல்லை."

அவர் முகம் கழுத்துவரை சிவந்தது. "எழுத்துப் பிழை நேர்ந்ததற்கு மிகவும் வருந்துகிறேன்," என்றார்.

எழுத்துப் பிழை! பணிநீக்கக் கடிதத்தைக் கண்டபோது வந்ததைவிடப் பெரிய கோபம் எனக்கு அந்தச் சொல்லில் வந்தது. ஓர் எழுத்துத் தவறிப்போனால் அது பிழை. அந்த எழுத்தைச் சுற்றி ஒரு பக்கம் கதை எழுதினால்? என்னை ஒரு சாதிக்காரனாகவும் டாக்டரை இன்னொரு சாதிக்காரியாகவும் நிறுத்தி, நடுவில் ஒரு சுவரை எழுப்பினால்? இதையெல்லாம் நான் இங்கிலீஷில் சொல்லவில்லை. எழும்பி நின்று, அந்தக் குறிப்பை இப்போது, இந்த இடத்தில், திருத்தி உரத்து வாசிக்கச் சொன்னேன். ஜைல்ஸ் தேவையில்லை என்று தொடங்கினார். அந்தப் பெண் அவரைக் கையால் நிறுத்திவிட்டு வாசித்தார். அந்த ஒரு விஷயத்துக்காக அவரை நான் கொஞ்சம் மதிக்கிறேன்.

பணிநீக்கத்தை ரத்துச் செய்தார்கள். தாங்கிகள் முத்திரை குத்தும் அலுவலகத்துக்குச் சோதனைக்குப் போயின. ஒன்று அசல் என்றும் மற்றது கள்ளம் என்றும் முடிவு வந்தது, கள்ள முத்திரைகளை அராவி அழித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஜைல்ஸ் வேலைக்குத் திரும்பி வரச் சொன்னார். "பழையதை மறந்துவிடுவோம்" என்றார். மறக்கவேண்டிய பழையது அவருடையது, மறக்கிற வேலை மட்டும் எனக்கா? நான் போகவில்லை. அதே தெருவில் இன்னொரு பட்டறைக்காரர் எனக்கு ஒரு மேசை தந்திருக்கிறார். வெளிச்சம் குறைவு, ஆனால் நான் சொல்வதை நிமிர்ந்து பார்த்துக் கேட்கிறார்.

7

இதோடு முடித்திருந்தால் எனக்கு நல்லது. வென்ற கதையாக இருந்திருக்கும். ஊரில் வாசிக்கிற நீங்களும் வெள்ளைக்காரனுக்குக் கொடுத்தான் பார் என்று சொல்லியிருப்பீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடிந்து, சாந்தி கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். தாரணி மேசையை விட்டு எழும்பவில்லை.

"அப்பா, நீங்கள் இன்னும் எனக்குச் சொல்லவில்லை," என்று இங்கிலீஷில் தொடங்கினாள்.

இந்த முறை கத்த முடியவில்லை. நாங்கள் என்ன என்று சொன்னேன். சொன்ன கையோடு, இன்னொன்றும் சொல்லவேண்டும் என்று தோன்றியது. எனக்குப் பதினொரு வயதில் எங்கள் வீட்டுக் கிணற்றை ஆழப்படுத்த ஒருவர் வந்தார். நாள் முழுக்கக் கல் உடைத்தார். வெயில் உச்சியில் மேலே ஏறி வந்து தண்ணீர் கேட்டார். குசினியில் ஏழெட்டுத் தம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. அம்மா என்னிடம் செம்பைத் தந்து, "எட்ட நிண்டு வார்" என்றா. நான் எட்ட நின்று, உயரப் பிடித்து வார்த்தேன். அவர் குந்தியிருந்து, இரண்டு கையையும் குவித்துக் குடித்தார். பாதித் தண்ணீர் முழங்கை வழியாக மண்ணில் போனது. அந்தத் தண்ணீர் வருவதற்காகத்தான் அவர் கல் உடைத்துக்கொண்டிருந்தார். "காணும் தம்பி, போதும்" என்றார். அது எனக்கு ஒரு விளையாட்டாக இருந்தது. எவ்வளவு உயரத்திலிருந்து சரியாகக் கைக்குள் வார்க்கலாம் என்று பார்த்தேன்.

தாரணி கேட்டுக்கொண்டிருந்தாள். பைப்பை மூடிவிட்டுச் சாந்தியும் நின்றாள். அவளுக்கும் நான் இதைச் சொன்னதில்லை.

"பிறகு சொரி சொன்னீர்களா?"

"இல்லை. அப்ப அது பிழையெண்டு தெரியாது. தெரிஞ்ச நேரம் நான் ஊரிலயே இல்லை."

அவள் இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னாள்: "அப்படியென்றால் அந்தப் பெண் உங்களைப் பற்றி எழுதினது பொய். எங்களைப் பற்றி எழுதினது முழுக்கப் பொய் இல்லை."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. நான் இந்த வீட்டுக்குள் அந்தச் சொல்லை விடாமல் காத்தவன், உன்னை அதிலிருந்து காப்பாற்றியவன், என்னைப் பார்த்தா என்று வாய்வரை வந்தது. அவள் என்னைக் குற்றம் சாட்டுகிற முகத்தோடு இருக்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும் என்கிற முகம்தான். வாயை மூடிக்கொண்டேன்.

அவள் கொஞ்சம் முன்னால் குனிந்து கேட்டாள். தமிழில் கேட்டாள்.

"அவரிட பெயர் என்ன அப்பா?"

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். கிணறு ஞாபகம் இருந்தது, அவர் கல் உடைத்த அலவாங்கு ஞாபகம் இருந்தது, தோளில் கிடந்த சிவப்புத் துண்டு ஞாபகம் இருந்தது. ஒரு மாதம் அவர் எங்கள் வீட்டு வளவில் வேலை செய்தார்.

"தெரியாது பிள்ளை," என்றேன். "எங்கட வீட்டில ஒருத்தரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை."